இரைப்பையில் பட்டை பொருத்திய பிறகு: சாப்பாடும் உடல் தேறுதலும்

மூன்றாவது முறை பட்டையைச் சரிசெய்துகொண்டு வந்த வாரத்தில், என் அக்கா மீன் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மெல்போர்னின் டாண்டெனாங் பகுதியில் அவள் வீடு. காபி டம்ளருக்கு அடியில் வைக்கும் அளவுக்கு ஒரு சின்னத் தட்டு, குழந்தைக்கு ஊட்டும் கரண்டி, எதிரே சுவர்க் கடிகாரம். சுண்டுவிரல் நகம் அளவுக்கு மீனைப் பிய்த்து வாயில் போட்டு, கூழாகும்வரை மென்று விழுங்கினாள். கரண்டியைக் கீழே வைத்தாள். நொடி முள் ஒரு முழுச் சுற்று சுற்றி வரும்வரை தட்டைத் தொடவில்லை. பிறகு அடுத்த வாய். இருபது நிமிடத்தில் அரைக் கிண்ணம்கூடக் காலியாகவில்லை, "போதும்" என்று எழுந்துவிட்டாள். "பசிக்கவில்லையா?" என்று கேட்டேன். "இல்லை, நிஜமாகவே இல்லை" என்று சொல்லும்போது அவள் குரலில் இருந்த வியப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்து பசியோடு மல்லுக்கட்டியவள் அவள்.

எடைக் குறைப்புக்காக இரைப்பையில் பட்டை பொருத்திக்கொண்டவர்களுக்கும் அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சிகிச்சை முடிந்து கையில் தரப்படும் தாளில் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று பட்டியல் இருக்கும். ஏன் என்பது பெரும்பாலும் இருக்காது. அந்த 'ஏன்' புரிந்துவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

பட்டை என்ன செய்கிறது?

பட்டை என்பது சிலிக்கோனால் ஆன ஒரு வளையம். உணவுக்குழாய் இரைப்பையில் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையின் கழுத்தைச் சுற்றி மோதிரம்போல் அதை மாட்டுகிறார்கள். பட்டைக்கு மேலே ஒன்றிரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் சிறு இடம் மட்டும் மிஞ்சும். வளையத்தின் உட்பக்கம் பலூன்போல உப்பக்கூடியது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, வயிற்றுத் தோலுக்கு அடியில் தசையோடு சேர்த்துத் தைக்கப்பட்ட ஒரு சின்னக் குமிழில் முடிகிறது. இதை 'போர்ட்' என்பார்கள். தோல் வழியாக அதில் ஊசி போட்டு உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இரைப்பையை வெட்டுவதும் இல்லை, குடலின் பாதையை மாற்றுவதும் இல்லை. தேவையானால் பட்டையைக் கழற்றிவிடலாம்.

இப்படிச் சரிசெய்யக்கூடிய பட்டையை அமெரிக்காவில் லூபோமிர் குஸ்மாக் என்ற அறுவை மருத்துவர் 1986-இல் கொண்டுவந்தார். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோபி முறையில் அதைப் பொருத்துவதை 1993-இல் பெல்ஜியத்தில் மிட்டிகு பெலச்சூ தொடங்கிவைத்தார். 2001-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகள் எடைக் குறைப்பு அறுவை என்றாலே பட்டைதான் என்ற நிலை இருந்தது. அக்கா செய்துகொண்டது 2012-இல்.

பட்டை எப்படி வேலை செய்கிறது என்பதுபற்றி முதலில் ஒரு நம்பிக்கை இருந்தது. மேலே உள்ள சின்ன இடம் சாப்பாட்டால் நிரம்பி, மணற்கடிகாரம்போல் மெல்ல மெல்லக் கீழே ஒழுகும், அதனால்தான் வயிறு நிறைந்த உணர்வு வருகிறது என்றார்கள். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பால் ஓப்ரையன், வெண்டி பிரவுன் ஆகியோரின் குழு செய்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. சரியாக இறுக்கப்பட்ட பட்டையின் மேல் உணவு தேங்கி நிற்பதே இல்லை. நன்றாக மென்று விழுங்கிய சிறு கவளத்தை உணவுக்குழாய் நாலைந்து தடவை பிழிந்து தள்ளுகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அது பட்டையைத் தாண்டிவிடும். தாண்டும்போது அந்த இடத்தில் உள்ள வேகஸ் நரம்பின் நுனிகள் அழுத்தம் பெறுகின்றன. 'சாப்பாடு வந்துவிட்டது, போதும்' என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது அந்த நரம்புதான்.

பட்டியலில் உள்ள அத்தனை விதிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன. ஒரு கவளம் இறங்கி முடிவதற்குள் அடுத்ததை விழுங்கினால் இரண்டும் மேலே நெருக்கியடிக்கும். அதனால்தான் ஒரு நிமிட இடைவெளி. நரம்பை அழுத்துவதற்குக் கவளத்துக்குக் கொஞ்சமாவது கெட்டித்தன்மை வேண்டும். பாலும் பாயசமும் வழுக்கிக்கொண்டு போய்விடும், நரம்புக்கு எதுவும் தெரியாது. ஆகவே உடல் தேறியபின் பட்டைக்காரர் சாப்பிட வேண்டியது திட உணவு. கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும். வயிற்றில் அறுவை செய்தவருக்குக் காலம் முழுக்கக் கஞ்சிதான் நல்லது என்று நம் வீடுகளில் எல்லோரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் ஆறு வாரங்கள்

இந்தக் கட்டத்தில் மட்டும் கஞ்சி சரி. மருத்துவமனைக்கு மருத்துவமனை கணக்கு கொஞ்சம் மாறும், உங்கள் மருத்துவர் சொல்வதையே கடைப்பிடியுங்கள். பொதுவாக முதல் ஒன்றிரண்டு வாரம் நீர் ஆகாரம்: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், தெளிந்த சூப், மோர், புரதப் பொடி கலந்த பால். அடுத்த இரண்டு வாரம் மிக்ஸியில் அரைத்த கூழ்ப் பதம்: மசித்த பருப்பு, அரைத்த காய், தயிர். பிறகு முட்டை, மீன்போல முள்கரண்டியால் மசியக்கூடியவை. ஐந்தாறு வாரத்துக்குப் பின் திட உணவு.

அரிசிக்கஞ்சியையே முழு நேரமும் குடிப்பது வேண்டாம். அதில் மாவுச்சத்துதான் அதிகம், புரதம் சொற்பம். அக்காவுக்குப் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, சீரகம், மஞ்சள் போட்டு, சல்லடையில் வடித்துக் கொடுத்தேன். காரமும் எண்ணெயும் குறைத்த கோழி ரசமும் ஒத்துக்கொண்டது. அரைமணி நேரத்துக்கு ஒரு டம்ளர் என்று மெதுவாகக் குடிக்க வேண்டும். மடக்கென்று குடித்தால் நெஞ்சில் பிடிக்கும்.

ஏன் இவ்வளவு பொறுமை? பட்டை நகராமல் இருக்க, இரைப்பையின் ஒரு மடிப்பை இழுத்து அதன்மேல் போர்த்தித் தையல் போட்டிருப்பார்கள். பட்டையைச் சுற்றித் திசு வளர்ந்து அதை இடத்தில் பிடித்துக்கொள்ள வாரங்கள் ஆகும். அதற்குள் கெட்டியாக எதையாவது சாப்பிட்டு, அது இறங்காமல் வாந்தி எடுத்தால், பட்டை இடம் நழுவிப்போகலாம். இத்தனை வாரம் நாக்கைக் கட்டுவது அந்தத் தையலுக்காகத்தான்.

உடம்பின் வலி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும். பலர் மறுநாளே வீடு திரும்பிவிடுவார்கள். ஆனால் இடது தோளில் ஒரு வலி வந்து எல்லோரையும் பயமுறுத்தும். மாரடைப்போ என்று அக்கா இரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். லேப்ராஸ்கோபிக்காக வயிற்றுக்குள் செலுத்திய கரியமில வாயு மிச்சமிருந்து உதரவிதானத்தை உறுத்துவதால் பெரும்பாலும் வரும் வலி அது. நடக்க நடக்க, சில நாளில் போய்விடும். மூச்சுத்திணறல், காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு இவற்றோடு சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவை நடந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்வது காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும்தான். தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், ஓடிவந்து தாவும் பிள்ளை இவற்றையெல்லாம் நாலு முதல் ஆறு வாரம் தூக்கக்கூடாது. போர்ட் தைத்த இடம்தான் கடைசிவரை வலிக்கும்.

இந்த வாரங்களில் உண்மையான கஷ்டம் பசி. முதல் பத்து நாள் வீக்கத்தால் பசி அவ்வளவாகத் தெரியாது, எடையும் மளமளவென்று இறங்கும். வீக்கம் வடிந்ததும் பழைய பசி அப்படியே திரும்பி வரும். பட்டை இருக்கிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது. இன்னும் இறுக்கவே தொடங்கவில்லை. மூன்றாவது வாரம் அக்கா சமையலறையில் நின்றுகொண்டு, "இவ்வளவு பணம் செலவழித்தும் எனக்குப் பசிக்கிறதே, இதிலும் தோற்றுவிட்டேனா?" என்று அழுதாள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அவள் தோற்கவில்லை, சிகிச்சையின் பாதிதான் அப்போது முடிந்திருந்தது.

இறுக்குவதும் தளர்த்துவதும்

நாலு முதல் ஆறு வாரத்துக்குப் பின் முதல் ஊசி. அரை மில்லியோ ஒரு மில்லியோ உப்புநீர் ஏற்றுவார்கள், சில நிமிட வேலை. போர்ட்டின் சவ்வு கிழியாமல் இருக்கத் தனி ஊசி உண்டு, அதனால் சாதாரண ஊசியால் யாரும் தொடக்கூடாது. ஏற்றியதும் அங்கேயே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அது தடையில்லாமல் இறங்கினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். சரியான இறுக்கம் கிடைப்பதற்குள் சில மாதங்களும் பல ஊசிகளும் ஆகும்.

இந்த இறுக்கத்தை மூன்று நிறங்களாகச் சொல்லும் வழக்கம் உண்டு. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது, அளவு கூடுகிறது என்றால் மஞ்சள். இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். அரைக் கிண்ணம் திட உணவில் மனம் நிறைகிறது, சில மணி நேரம் பசி தொல்லை செய்யவில்லை என்றால் பச்சை. அப்படியே விட்டுவிட வேண்டும். சப்பாத்தியோ இறைச்சியோ இறங்க மறுக்கிறது, படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வருகிறது, இரவில் இருமல் வருகிறது என்றால் சிவப்பு, தளர்த்த வேண்டும்.

சிவப்பில் இருப்பவர்கள்தான் தங்களை அறியாமல் ஏமாந்துபோகிறார்கள். இறுக்கம் கூடக் கூட எடை இறங்கும் என்று நினைத்து, அசௌகரியத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். உண்மையில் நடப்பது வேறு. மீனும் கொண்டைக்கடலையும் இறங்காதபோது, இறங்குவதைத்தான் மனிதர் தேடுவார். ஐஸ்கிரீம் இறங்கும். பாயசம் இறங்கும். இனிப்பு காபி இறங்கும். முறுக்கும் சிப்ஸும் வாயிலேயே கரைந்து இறங்கும். பட்டை இறுகிக் கிடக்க, எடை ஏறும். நான்கு கிலோ ஏறிய பிறகு அக்கா ஒரு மில்லியைத் திரும்ப எடுக்கச் சொன்னாள். எடுத்த பிறகுதான் எடை மறுபடி குறைந்தது.

நம் சமையலறையில்

அவளுக்காகச் சமைத்த மாதங்களில் நான் கற்றுக்கொண்டது: குழம்போடு சேர்ந்த மீன் பிரச்சினை செய்யாது, வறுத்துக் காய்ந்த மீன் செய்யும். முட்டையைப் பொரியலாகக் கிளறியோ மென்மையாக வேகவைத்தோ கொடுக்கலாம். கொத்துக்கறி இறங்கும், எலும்புக் கறித்துண்டு இறங்காது. சுண்டல் அருமையான உணவு, ஆனால் நன்றாக வெந்து, ஒவ்வொரு கடலையும் தனியாக மெல்லப்பட வேண்டும். கூட்டு, அவியல், பன்னீர், கெட்டித்தயிர் எல்லாம் நல்லவை.

சோறுதான் தகராறு. உதிரியாக வடித்த சோறுகூட உள்ளே போய் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்வதாகப் பலர் சொல்கிறார்கள். மென்மையான ரொட்டியும் பரோட்டாவும் மென்றால் மாவு உருண்டையாகிவிடும். தோசையை மொறுமொறுப்பாக வார்த்தால் அக்காவுக்கு ஒத்துக்கொண்டது, கனமான ஊத்தப்பம் ஒத்துக்கொள்ளவில்லை. வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல்போல நாருள்ளவற்றை விட்டுவிடுவதே நல்லது.

தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் மட்டும் சோறு. நாளைக்குச் சுமார் 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில் இருக்கும். மூன்று வேளையும் அரைக் கிண்ணம்தான் என்கிறபோது, ரசம் சோற்றில் அந்தக் கணக்கு ஒருநாளும் எட்டாது.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது நம் பழக்கம், அதை விட வேண்டும். முன்பே குடித்துவிடுங்கள், சாப்பிட்ட பின் அரைமணி நேரமாவது பொறுங்கள். நீர் சேர்ந்தால் கெட்டி உணவும் கரைந்து வழுக்கிவிடும். சோடா வகைகள் வேண்டாம். வைட்டமின், கால்சியம் மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும். பெரிய மாத்திரைகள் சிக்கும் என்பதால் திரவமாகவோ பொடித்தோ தர முடியுமா என்று கேளுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக்கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் சாப்பாடு குறைந்ததும் அளவை மாற்றாவிட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும், ஆகவே அறுவைக்கு முன்பே அதைப் பேசி வைக்க வேண்டும்.

சிக்கிக்கொண்டால்

ஒரு காலையில் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா நின்றுகொண்டே காய்ந்த சப்பாத்தியை இரண்டு வாயாக விழுங்கினாள். மூன்றாவது வாய்க்கு முன்பே முகம் மாறிவிட்டது. நெஞ்சுக்கு நடுவே கல்லை வைத்ததுபோல் இருக்கிறது என்று கையால் காட்டினாள். வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறிக்கொண்டே இருந்தது, விழுங்க முடியவில்லை. நான் பதறித் தண்ணீரை எடுத்து நீட்டினேன், அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவள் செய்ததுதான் சரி. மேலே அடைத்திருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் அதுவும் மேலேதான் நிற்கும். நிமிர்ந்து நின்று, மெதுவாக நடந்து, காத்திருப்பதுதான் வழி. கைகழுவும் தொட்டிக்கு அருகில் இருபது நிமிடம் நின்ற பிறகு, சிக்கியது மென்றபடியே மேலே வந்து விழுந்தது. அது இரைப்பை அமிலம் தொடாத உணவு, புளித்த வாந்தி அல்ல.

சிக்கி மீண்ட இடம் வீங்கியிருக்கும். அன்று முழுவதும் நீர் ஆகாரம்தான், மறுநாள் மென்மையான உணவு. உடனே அடுத்த வேளை சாப்பாட்டைத் தொடங்கினால் மறுபடி சிக்கும். மூக்கு ஒழுகுதல், ஒரு விக்கல், தோளில் லேசான இழுப்பு என்று உடம்பு முன்கூட்டியே சொல்லும் அடையாளங்கள் ஆளுக்கு ஆள் உண்டு. அக்காவுக்குத் தும்மல். தும்மல் வந்ததும் கரண்டியை வைத்துவிடுவாள்.

எச்சிலையோ தண்ணீரையோகூட விழுங்க முடியாத நிலை சில மணி நேரம் நீடித்தால், அன்றே மருத்துவமனைக்குப் போய்ப் பட்டையைத் தளர்த்த வேண்டும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ரத்தம், போர்ட் இடத்தில் சிவப்பும் சீழும், திடீரென்று பட்டையின் உணர்வே காணாமல்போவது ஆகியவை பட்டை நழுவியதற்கோ, இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போனதற்கோ, குழாய் கசிவதற்கோ அடையாளமாக இருக்கலாம். வாந்தி நாள்கணக்கில் நீண்டால் உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்துபோகும், அதன் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் இவை வந்தால் அது அவசரம், மூளையைப் பாதிக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும், "எனக்கு இரைப்பையில் பட்டை இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கருவுற்றாலும் உடனே தெரிவிக்க வேண்டும், குமட்டல் நாட்களில் தளர்த்திக்கொள்வது வழக்கம்.

எவ்வளவு குறையும்?

வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ என்பது நல்ல வேகம். ஓப்ரையன் குழு 2013-இல் வெளியிட்ட நீண்டகால முடிவுகளில், பதினைந்து ஆண்டு கழித்தும் கூடுதல் எடையில் சராசரியாக 47 விழுக்காடு குறைந்தே இருந்தது. 110 கிலோ இருப்பவருக்குச் சரியான எடை 65 என்றால் கூடுதல் 45 கிலோ. அதில் சுமார் 21 கிலோ குறைந்து, அப்படியே நிற்கிறது என்று பொருள். அதே ஆய்வில் பலருக்கு மறு அறுவையும் தேவைப்பட்டது. இதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2011 வாக்கில் எடைக் குறைப்பு அறுவைகளில் மூன்றில் ஒரு பங்கு பட்டையாக இருந்தது. பத்தாண்டுக்குள் அது நூற்றில் ஒன்று அளவுக்குச் சுருங்கிவிட்டது. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் முறை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. புதிதாகப் பட்டை பொருத்துவோர் குறைவு, ஆனால் பட்டையோடு வாழ்பவர்கள் உலகெங்கும் ஏராளம்.

சென்ற முறை அக்கா மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தாள். முதல் பந்திக்கு எல்லோரும் இழுத்தும் அவள் அசையவில்லை. "முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்தி ஆட்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்னால் மெல்ல முடியாது" என்று என் காதில் சொன்னாள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். பரிமாறிய மாமா வாளியோடு வந்து, "என்னம்மா இது, இலையே காலியாக இருக்கிறதே" என்று சோற்றைச் சரிக்கப்போனார். அவள் இலைமேல் கையை மறைத்து, "பருப்பு ஒரு கரண்டி வையுங்கள் மாமா, அவியல் ஒரு கரண்டி, அது போதும்" என்றாள். அவர் இரண்டையும் தாராளமாகவே வைத்தார். அவள் பாதியைத்தான் தொட்டாள். ஒரு காரட் துண்டு, மெல்லுதல், ஒரு நிமிடம். நான் மூன்று முறை சோறு வாங்கிவிட்டேன், அவள் இன்னும் அவியலில்தான் இருந்தாள். கடைசியில் ஒரு தும்மல். இலையை மடித்து, தன் முன்னால் இருந்த பாயச டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.